சாவி கிடைத்த பிறகு

ஸ்காபரோ

டொரோண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில் சில தெருக்கள் முழுக்கத் தமிழ்ப் பலகைகள். நகை மாளிகை, மரக்கறிக் கடை, சட்டத்தரணி அலுவலகம், சாரதிப் பயிற்சி நிலையம். எழுத்து நமக்குப் பழகியது, சொற்கள் யாழ்ப்பாணத்தவை. நவம்பர் காற்று காதை அறுக்க, சாப்பாட்டுக் கடைக்குள் ஓடி நுழைந்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் மட்டன் ரோல்ஸும் கடலை வடையும். உள்ளே கொத்து ரொட்டி கொத்தும் சத்தம். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற கட்டிட வேலைக்காரர், பூட்ஸில் சிமெண்டு காயாமலே, வீட்டுக்கு இடியப்பமும் சொதியும் சம்பலும் கட்டச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அங்கே ஒரு பெண்ணைச் சந்திப்பதற்காகப் போயிருந்தேன். வயது இருபத்தேழு. வீடில்லாத இளைஞர்களுக்கு உதவும் அமைப்பொன்றில் பியர் வொர்க்கர். அதாவது, தெருவிலும் ஷெல்டரிலும் தானே இருந்து மீண்டவள். இப்போது அங்கே இருப்பவர்களோடு கூட நிற்பதே அவளுடைய சம்பள வேலை. சென்னை ராயபுரத்தில் ஒரு குழந்தைகள் இல்லத்தில் மாலை வேளைகளில் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பதினெட்டு வயதில் அங்கிருந்து டிரங்குப் பெட்டியோடு வெளியேறும் பையன்களைப் பார்த்துப் பார்த்து, இந்த வேலை எப்படி நடக்கிறது என்று நேரில் அறிய வேண்டும் என்ற எண்ணம் வெகுநாளாக இருந்தது. இந்தக் கட்டுரையில் நான் சந்தித்த இளைஞர்கள் யாருடைய பெயரையும் எழுதவில்லை. அவர்களுக்குத் தந்த வாக்கு அது.

மட்டன் ரோலைப் பிட்டுப் பாதியை என் தட்டில் வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள்.

“எங்கட அம்மாவும் அப்பாவும் 95ஆம் ஆண்டு யாழ்ப்பாண இடப்பெயர்வில வெளிக்கிட்டவை, அக்கா. மழைக்குள்ள, சனத்தோட சனமா, சாவகச்சேரிப் பக்கம் நடந்த கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தனான். வீடில்லாமப் போறதெண்டால் என்னெண்டு அவைக்கு நல்லாத் தெரியும். பதினேழு வயசில என்னை வீட்டை விட்டுப் போ எண்டு சொன்னதும் அவைதான்.”

அவள் காதலித்தது ஒரு பெண்ணை. அது வீட்டுக்குத் தெரிந்துபோனது. அவ்வளவுதான். முதலில் பள்ளித் தோழிகளின் வீட்டு சோபாக்கள், ஒவ்வொன்றிலும் சில நாள். சோபாக்கள் தீர்ந்ததும் இரவுப் பேருந்து. சுரங்க ரயில் நின்ற பிறகு புளூர்–டான்ஃபோர்த் சாலையில் விடிய விடிய ஓடும் 300ஆம் எண் பேருந்தில் ஏறி, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வந்துகொண்டே தூங்குவது. “பள்ளிக்கூடப் பையை மடியில வைச்சிருந்தால் ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்.” பிறகு ஷெல்டர். அங்கிருந்து இருபது வயதில், அரசு உதவியோடு ஒரு அறை, அதற்கு ஒரு சாவி.

நான் எதிர்பார்த்த கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். அவளுக்கு அங்கேதான் தொடங்கியது.

“அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தினன். சரியான அமைதி. ஷெல்டரில எந்த நேரமும் ஆரோ கத்திக்கொண்டிருப்பினம், சண்டை பிடிப்பினம், சிரிப்பினம். இஞ்ச ஃப்ரிட்ஜின்ர சத்தம் மட்டும்தான். மூண்டாம் நாள் திரும்ப ஷெல்டர் வாசலுக்குப் போய் நிண்டனான், உள்ள விடுங்கோ எண்டு.”

உள்ளே விட விதியில்லை. அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே. அன்று வாசலில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த ஒரு பெண், அங்கே பியராக வேலை பார்த்தவர், அவளோடு பேருந்தேறி அறை வரைக்கும் வந்தார். முட்டை பொரித்துக் கொடுத்தார். அடுத்த செவ்வாய்க்கிழமையும் வந்தார்.

யங் தெரு

நகரத்தின் நடுமுதுகாக ஓடும் யங் தெருவிலிருந்து பிரியும் ஜெரார்ட் தெருவில் இருக்கிறது கோவனன்ட் ஹவுஸ். 1982-இல் தொடங்கியது. பதினாறு முதல் இருபத்து நான்கு வயது வரையுள்ள வீடில்லாத இளைஞர்களுக்கான இடம். சற்றுத் தள்ளி டன்டாஸ் சந்திப்பில் ராட்சத விளம்பரத் திரைகள் இரவைப் பகலாக்கிக்கொண்டிருக்கின்றன. அந்த வெளிச்சத்திலேயே, சூடான காற்று வெளிவரும் இரும்புக் கம்பி வலைகளின் மேல் தூக்கப் பைக்குள் சுருண்டு கிடக்கிறார்கள் மனிதர்கள். பணக்கார நாட்டில் இதைப் பார்ப்பது சென்னை சென்ட்ரல் வாசலில் பார்ப்பதைவிட எனக்குக் கடினமாக இருந்தது. இங்கே குளிர் கொல்லும்.

கனடாவில் வீடில்லாத இளைஞர்கள் 1,103 பேரிடம் 47 ஊர்களில் நடத்திய ஓர் ஆய்வு 2016-இல் வெளிவந்தது. பதினாறு வயது நிரம்பும் முன்பே முதல் முறை வீடிழந்தவர்கள் நூற்றுக்கு நாற்பது பேர். பாதிக்கு மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு கட்டத்தில் குழந்தைகள் நலத்துறையின் கையில் இருந்தவர்கள். நூற்றுக்கு நாற்பத்திரண்டு பேர் ஒரு முறையாவது தற்கொலைக்கு முயன்றவர்கள். நான்கில் மூன்று பேர் ஒரு முறைக்கு மேல் வீடிழந்தவர்கள். இந்தக் கடைசிக் கணக்கை நான் முன்பே படித்திருந்தும், ஸ்காபரோப் பெண்ணின் ஃப்ரிட்ஜ் சத்தத்தைக் கேட்ட பிறகுதான் அதன் பொருள் உறைத்தது. வீடு கிடைத்தும் அதைத் தக்கவைத்துக்கொள்ள முடியாதவர்கள் அத்தனை பேர்.

அன்று மாலை இரண்டு பியர்களோடு நடந்தேன். ஒரு பையன், ஒரு பெண். தோளில் பை. பைக்குள் சாக்ஸ், கையுறை, கிரானோலா பார், தண்ணீர், நலாக்சோன் பொட்டலம். ஃபென்டனில் அதிகமாகி மூச்சு நின்றுபோனவரின் மூக்கில் இந்த மருந்தைப் பீய்ச்சினால் மூச்சு திரும்பும். ஒன்டாரியோவில் மருந்துக் கடைகளில் இலவசமாகவே தருகிறார்கள். “எத்தனை பேருக்கு அடிச்சிருக்கேன்னு இப்ப எண்ணறதில்லை” என்றான் பையன்.

அவர்கள் வேலை செய்யும் விதத்தைக் கவனித்தேன். கிட்டே போனதும் முதலில் குந்தி உட்கார்ந்தார்கள். நின்றுகொண்டு பேசவே இல்லை. பெயர் கேட்கவில்லை, தங்கள் பெயரைச் சொன்னார்கள். சாக்ஸ் வேண்டுமா என்று கேட்டார்கள். “வேணாம், போ” என்ற பையனிடம் “சரி, வியாழக்கிழமை இதே நேரம் வருவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார்கள். ஷெல்டருக்கு வா என்று யாரையும் இழுக்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“என்னை எத்தனையோ பேர் காப்பாத்த வந்தாங்க” என்றாள் அந்தப் பெண். “எல்லாருக்கும் அவசரம். ஒரு ஃபாரம் நிரப்பணும், ஒரு பெட்டுல சேர்க்கணும். நான் என்ன சாப்பிட்டேன்னு கேட்ட ஆள் ஒருத்தர்தான். அவரும் முன்னாடி தெருவுல இருந்தவரு.”

வழியில் ஒருவன் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். ஒரு காலத்தில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்கள். பத்து நிமிடம் சிரிக்கச் சிரிக்கப் பேசினாள். திரும்பி வந்து எங்களோடு நடந்தபோது முகம் வெளுத்திருந்தது. கூட வந்த பையன் எதுவும் கேட்காமல் அவள் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். ஜோடியாகவே அனுப்புவது ஏன் என்று அப்போது புரிந்தது. பழைய வாழ்க்கை தெருமுனையில் காத்திருக்கிறது. ஒவ்வொரு வேலைநாளும் அதைக் கடந்துதான் போக வேண்டும். காயத்தையே தகுதியாகக் கேட்கும் வேலை இது. அப்படிக் கேட்பவர்கள், அந்தக் காயம் மறுபடி திறக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் ஏற்க வேண்டும்.

ஹோலி டிரினிட்டி

ஈட்டன் சென்டர் என்ற பெரிய வணிக வளாகத்தின் முதுகுப்புறம், உயரக் கட்டிடங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஆங்கிலிகன் தேவாலயம். 1847-இல் திறந்தது. அந்தக் காலத்தில் தேவாலயங்களில் இருக்கைக்கு வாடகை உண்டு. காசுள்ள குடும்பம் முன்வரிசை, இல்லாதவர்கள் பின்னால். இந்தக் கோயிலுக்குப் பணம் தந்த ஆங்கிலேயப் பெண்மணி தன் பெயரைச் சொல்லாமல் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாராம்: இருக்கைகள் என்றைக்கும் எல்லாருக்கும் இலவசமாக இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை நண்பகலில், வீடில்லாமல் இறந்தவர்களின் பெயர்களை இங்கே வாசிக்கிறார்கள். வெளிச்சுவரில் அந்தப் பட்டியல். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். பல இடங்களில் பெயருக்குப் பதிலாக ஜான் டோ, ஜேன் டோ. யாரென்று தெரியாதவர்களுக்கு அங்கே வைக்கும் பெயர் அது.

கூட்டத்தில் நேற்றைய பையனும் வந்திருந்தான். இந்த மாதம் சேர்ந்த பெயர்களில் ஒன்று அவனுக்குத் தெரிந்தவருடையது. எங்களூரில் இழவு வீட்டில் என்றால் தோளில் கை வைப்பேன். இங்கே என்ன முறை என்று தெரியாமல் நின்றேன். சடங்கு முடிந்ததும் உள்ளே சூப்பும் சாண்ட்விச்சும் கொடுத்தார்கள். அவன் இரண்டு கிண்ணம் குடித்தான். “காசு வர்ற வேலைதான் இது. ஆனா இன்னிக்கு லீவு போட்டுத்தான் வந்தேன். இதை வேலையா செய்ய எனக்கு மனசு இல்ல” என்றான்.

ஷா தெரு

நகரின் மேற்கே ஷா தெருவில், பழைய பள்ளிக்கூடக் கட்டிடத்துக்குள் ஸ்கெட்ச் என்ற கலைக்கூடம் இருக்கிறது. 1996-இல் தொடங்கியது. வீடில்லாத, விளிம்பில் வாழும் இளைஞர்கள் வந்து மண்பாண்டம் வனையலாம், துணியில் அச்சடிக்கலாம், பாட்டுப் பதிவு செய்யலாம், சமைக்கலாம். உள்ளே நுழைந்தால் ஈரக் களிமண் வாசம். பிரச்சினை என்ன என்று யாரும் விசாரிக்கும் இடமில்லை அது. கையில் களிமண் இருக்கும்போது பேச்சு தானாக வருகிறது. பெற்றோரைப் பற்றி, பல்வலியைப் பற்றி, வாடகை பற்றி.

வாடகைதான் எல்லாப் பேச்சும் வந்து நிற்கும் இடம். ஒன்டாரியோவில் வேலையில்லாத தனி ஆளுக்கு அரசு தரும் உதவி அதிகபட்சம் மாதம் 733 டாலர். 2018-லிருந்து அது ஏறவில்லை. டொரோண்டோவில் ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்றின் வாடகை இரண்டாயிரத்தைத் தாண்டும். இந்தக் கணக்கை எந்தப் பியராலும் சரிசெய்ய முடியாது. தோழமையைக் காட்டி வீட்டுக் கொள்கையை மறந்துவிடும் அரசுகளைப் பற்றி அங்கே எல்லாருக்கும் கோபம். எனக்கும் அந்தக் கோபம் நியாயமாகவே பட்டது. அறை கிடைக்காதவனுக்கு அறையின் தனிமையைப் பற்றி என்ன சொல்ல?

இன்னொரு கோபம், பியர்களுக்குத் தரும் கூலி. முன்பு பல இடங்களில் அவர்களுக்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாதாம். காபிக் கடைப் பரிசு அட்டை, இரண்டு பேருந்து டோக்கன், ஒரு பீட்சா. “நான் பேசினதைக் கேட்டுக் கோட்டு போட்டவங்க குறிப்பெடுத்தாங்க. அவங்களுக்குச் சம்பளம், எனக்கு பீட்சா” என்றாள் சக்கரத்தில் கிண்ணம் வனைந்துகொண்டிருந்த ஒருத்தி. இப்போது மணிக் கூலி வந்திருக்கிறது. ஆனாலும் நிதி ஆண்டுக்கு ஆண்டுதான். மார்ச் மாதம் நெருங்கினால் எல்லாருக்கும் வயிற்றைக் கலக்கும்.

அனுபவப்பட்டவர்களே வேலை செய்யலாம் என்ற எண்ணம் இந்த நகரத்துக்குப் புதிதில்லை. மனநல மருத்துவமனைகளிலிருந்து வெளிவந்தவர்களையே ஊழியர்களாகக் கொண்டு 1987-இல் தொடங்கிய ஏ-வே எக்ஸ்பிரஸ் என்ற கூரியர் நிறுவனம் இங்கேதான் இருக்கிறது. பேருந்திலும் டிராமிலும் ஏறிக் கடிதங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பார்கள். மருத்துவர் தராத ஒன்றைச் சக நோயாளி தருவார் என்று அவர்கள் உரத்துச் சொன்னதன் தொடர்ச்சிதான் இன்றைய பியர் வேலை. அறை கிடைத்த இளைஞர்களுக்குப் பியர், மனநல ஆலோசகர், வழிகாட்டி மூவரையும் சேர்த்துத் தரும் ஹாப்-சி என்ற திட்டமும் டொரோண்டோவில் தொடங்கியதே. அது வடக்கே தண்டர் பே வரை போனது. நானும் போனேன்.

நெடுஞ்சாலை 17

டொரோண்டோவிலிருந்து தண்டர் பே ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். அத்தனையும் ஒரே மாகாணத்துக்குள். பேருந்து சட்பரியைத் தாண்டியதும் ஊர்கள் மெலிந்து, பாறையும் பைன் மரமும் ஏரியுமாக ஆகிவிடுகிறது. சாலைக்காக வெட்டிய பாறைகளில் இளஞ்சிவப்பு நரம்புகள். வாவா என்ற ஊரில் சாலையோரம் பெரிய வாத்துச் சிலை. கூடவே சுப்பீரியர் ஏரி. 82,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்த நன்னீர். இலங்கைத் தீவை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் மிச்சம் இடமிருக்கும். அன்று மேகம் தாழ்ந்து, அலை கரையில் மோதிய இடமெல்லாம் பனிக்கட்டியாகப் பாறைகளில் ஒட்டியிருந்தது. மெரினாவில் நின்று வளர்ந்த எனக்கு உப்பு வாசமில்லாத அந்தக் கடல் புரியவே நேரமானது.

பக்கத்து இருக்கையில் பதினெட்டு பத்தொன்பது வயதுப் பையன். டொரோண்டோவுக்கு வேலை தேடிப் போய், ஷெல்டரில் செருப்பும் செல்பேசியும் களவு போய், திரும்பிக்கொண்டிருந்தான். டிம் ஹார்ட்டன்ஸ் காபிக் கடையில் வாங்கிய டோனட்டை எனக்கும் நீட்டினான். “ஊருக்குப் போய் யார் வீட்டுல இருப்ப?” என்று கேட்டேன். நம்மூர்க் கேள்வி. நம்மூரில் அதற்கு ஒரு மாமாவாவது சித்தியாவது பதிலாக வந்து நிற்பார்கள் என்று நம்புகிறோம். அவன் தோளைக் குலுக்கினான். அந்த நம்பிக்கை நம்மூரிலும் எல்லாருக்கும் பலிப்பதில்லை. எங்கள் இல்லத்திலிருந்து போன பையன்களில் பலர் பிரியாணிக் கடை மாடியிலும் லாரி ஷெட்டிலும் படுக்கிறார்கள். அவர்களுக்கும் மாமாக்கள் உண்டு.

சட்டம் இரண்டு ஊரிலும் இருக்கிறது. நலத்துறைக் காப்பிலிருந்து வெளிவரும் இளைஞர்களுக்கு ஒன்டாரியோவில் 2023 முதல் இருபத்து மூன்று வயது வரை உதவித்தொகை. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளஞ்சிறார் நீதிச் சட்டம் பதினெட்டிலிருந்து இருபத்தொன்று வரை பின்கவனிப்பு உண்டு என்கிறது. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் அதற்கு மாதம் 4,000 ரூபாய். பணம் வேண்டியதுதான், இன்னும் கூடுதலாகவே வேண்டியது. காய்ச்சலடிக்கும் ராத்திரியில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை.

தண்டர் பே நெருங்கும்போது சாலையோரம் டெர்ரி ஃபாக்ஸ் சிலை. புற்றுநோயில் ஒரு கால் போன பிறகு, செயற்கைக் காலோடு நாட்டின் குறுக்கே ஓடத் தொடங்கி, 1980 செப்டம்பர் 1 அன்று இந்த ஊருக்கு அருகில் ஓட்டத்தை நிறுத்த வேண்டிவந்த இளைஞன். என் பக்கத்துப் பையன் தூங்கிக்கொண்டிருந்தான்.

தண்டர் பே

ஏரிக்குள் நீண்டு கிடக்கும் மலைத்தொடர் ஒன்று, மல்லாந்து படுத்த மனித உருவாகத் தெரிகிறது. உறங்கும் அரக்கன் என்கிறார்கள். இப்பகுதிப் பூர்வகுடிகளான ஒஜிப்வே மக்களுக்கு அவர் நானாபிஜூ. வெள்ளிச் சுரங்கத்தின் ரகசியம் வெள்ளையருக்குத் தெரிந்துபோனதால் கல்லானவர். கரையில் பழைய தானியக் களஞ்சியங்கள், பாதி வெறுமையாக. பேக்கரிகளில் பெர்ஷியன் என்றொரு பண்டம்: எண்ணெயில் பொரித்த பன், மேலே இளஞ்சிவப்பு பெர்ரிப் பூச்சு. இந்த ஊரின் பெருமை அது. ஒன்று தின்றால் இரண்டு வேளைக்குப் பசிக்காது.

வடக்கே விமானத்தில் மட்டுமே போகக்கூடிய பூர்வகுடிக் கிராமங்கள் பலவற்றில் உயர்நிலைப் பள்ளி இல்லை. பதின்மூன்று பதினான்கு வயதில் பிள்ளைகள் தனியாக இந்த ஊருக்கு வந்து, முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் தங்கிப் படிக்க வேண்டும். 2000-க்கும் 2011-க்கும் இடையில் அப்படி வந்த ஏழு மாணவர்கள் இறந்தார்கள். ஐந்து பேரின் உடல்கள் ஆறுகளிலிருந்து எடுக்கப்பட்டன. 2016-இல் முடிந்த விசாரணை 145 பரிந்துரைகளைச் சொன்னது. இந்த மக்களின் முந்தைய தலைமுறைகளில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அரசும் தேவாலயங்களும் பெற்றோரிடமிருந்து பிரித்து உறைவிடப் பள்ளிகளில் அடைத்தன. கடைசிப் பள்ளி மூடப்பட்டது 1990-களில்தான். தாத்தாவுக்கு நடந்தது பேரனுக்கு வேறு வடிவத்தில் நடக்கிறது என்று இங்கே யாரும் விளக்கிச் சொல்வதில்லை. எல்லாருக்கும் தெரியும்.

ஜெஸ்ஸி திஸில் என்ற மேட்டி–க்ரீ அறிஞர் ஒன்டாரியோத் தெருக்களில் ஆண்டுக்கணக்கில் வீடில்லாமல் அலைந்தவர். பின்னால் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். கனடாவின் பூர்வகுடிகளுக்கு வீடின்மை என்றால் என்ன என்று பெரியவர்களையும் ஆய்வாளர்களையும் கேட்டு, 2017-இல் பன்னிரண்டு வகைகளாக அவர் வகுத்தார். கூரை இல்லாதது அவற்றில் ஒரு பகுதி மட்டுமே. நிலத்தோடும் நீரோடும் உறவினரோடும் மொழியோடும் இருந்த பிணைப்பு அறுந்துபோவதும் வீடின்மைதான் என்கிறது அந்த வரையறை. ஸ்காபரோவில் இரண்டு தலைமுறைகளின் கதையை ஒரே மூச்சில் சொன்ன அந்தப் பெண் இதைப் படித்திருக்கிறாளா என்று கேட்கத் தோன்றியது.

இங்கே நான் சந்தித்த பியருக்கு இருபத்து நான்கு வயது. வடக்குக் கிராமமொன்றிலிருந்து பள்ளிக்கு வந்தவர், பாதியில் நின்றவர், பாலத்தடியில் படுத்தவர். இப்போது அறை கிடைத்த பதினைந்து பேரை அவரும் இன்னொருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். திங்கட்கிழமை எல்லாருக்கும் குறுஞ்செய்தி. “இருக்கியா” என்று ஒரு சொல். பதில் வராவிட்டால் புதன்கிழமை கதவைத் தட்டுவது. அடையாள அட்டை எடுக்க, பல் பிடுங்க, நீதிமன்றத்துக்கு, எல்லாவற்றுக்கும் கூடப் போவது. மளிகைக் கடையில் எது எத்தனை நாள் கெடாது என்று சொல்லித்தருவது. வெள்ளிக்கிழமை ஒரு சமூகக் கூடத்து அடித்தள அறையில் எல்லாரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிடுவது.

நான் போன வெள்ளிக்கிழமை கடமான் கறிக் குழம்பு, பேனக் ரொட்டி, ஏரி நீரில் விளையும் காட்டரிசி. உங்களூர்ச் சாப்பாடு ஏதாவது செய்யுங்கள் என்றார்கள். புளி அகப்படவில்லை. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்டு எலுமிச்சை ரசம் வைத்தேன். சாப்பிடும் முன் ஒரு மூதாட்டி உலர்ந்த சேஜ் இலையைக் கொளுத்தி, அந்தப் புகையை ஒவ்வொருவரிடமும் காட்டிக்கொண்டு வந்தார். கற்பூர ஆரத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுவதுபோலவே அவர்கள் புகையை இரு கையாலும் அள்ளித் தலையிலும் நெஞ்சிலும் தடவிக்கொண்டார்கள். என் கையும் தானாக அப்படியே போனது.

மூக்கு ஒழுகிக்கொண்டிருந்த ஒரு பையன் ரசத்தை மூன்று குவளை குடித்துவிட்டு, இது மருந்தா சாப்பாடா என்று கேட்டான். இரண்டும் என்றேன். அவன் அறைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் முழுக்கக் கட்டிலில் படுக்காமல் தரையில், பூட்ஸைக் கழற்றாமலே தூங்கியிருக்கிறான். பியர் அதைப் பற்றி அவனிடம் எதுவும் சொல்லவில்லையாம். “நான் ரெண்டு மாசம் அப்படித் தூங்கினேன்னு மட்டும் சொன்னேன்.”

ஒரு பெண் அன்று வரவில்லை. சாப்பாட்டைப் பாத்திரத்தில் எடுத்துக்கொண்டு பியரோடு நானும் போனேன். கதவைத் திறந்தவள் வாங்கிக்கொண்டு, குழம்பில் உப்புக் குறைவு என்று வாசலிலேயே ருசி பார்த்துச் சொன்னாள். “அடுத்த வாரம் நீயே வந்து போடு” என்றார் பியர். ஐந்து நிமிடம் அந்த உப்பைப் பற்றியே வாக்குவாதம். திரும்பி நடக்கும்போது பியரின் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பத்து நாளாக அந்தப் பெண் யாரோடும் பேசவில்லையாம்.

பேருந்துக்குக் காத்திருந்தபோது ராயபுரத்துப் பையன்களைப் பற்றிச் சொன்னேன். அவர்களுக்கு இப்படி யார் போன் பண்ணுவார்கள் என்று கேட்டார் பியர். விதிப்படி யாரும் இல்லை. எங்கள் வார்டன் அக்கா மட்டும் தன் சொந்தக் காசில் ரீசார்ஜ் செய்து கூப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றேன்.

“அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?”

எனக்குப் பதில் இல்லை. அவர் என் நோட்டை வாங்கி எழுதிக்கொண்டே பேசினார். பழைய பையன்களில் ஒருவரை மட்டும் வேலைக்கு எடுக்காதீர்கள், இரண்டு பேரை எடுங்கள். ஒருவரென்றால் தாங்க முடியாது. சம்பளத்தைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள். அவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம், அவர்கள் மனதில் இருப்பதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும், அதற்கும் பணம் ஒதுக்குங்கள். வெள்ளிக்கிழமைச் சாப்பாட்டை எதற்காகவும் நிறுத்தாதீர்கள், பொங்கலானாலும் மழையானாலும் — பொங்கல் என்ற சொல்லை அன்று சாயங்காலம்தான் என்னிடமிருந்து கற்றிருந்தார்.

முப்பது பேருக்குச் சமைக்க எவ்வளவு செலவாகும் என்று கணக்குப் போட ஆரம்பித்தேன். அவர் சிரித்துவிட்டார். “முப்பது பேர் வர ஒரு வருஷம் ஆகும். எங்க முதல் வெள்ளிக்கிழமைக்கு மூணு பேர்தான் வந்தாங்க. அதுல ஒருத்தி நான்.”